ராஜத்தின் அரைவயிற்று மீன்கள்

"இது சாதம்" என்றாள் ராஜம்.

முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி வெள்ளைக் கூழை அள்ளி எடுத்திருந்தாள். முதலில் தன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு என் மூக்கருகே நீட்டினாள். புளித்துப்போன வாடை குப்பென்று அடித்தது. பிப்ரவரி முதல் வாரத்துக் காலை. மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்து மொட்டை மாடியில் காற்று ஜில்லென்று வீசிக்கொண்டிருந்தது. நான் ஆபீசுக்குப் புறப்பட்டு, சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தேன்.

"சாதமேதான். அதுவும் தயிர் சாதம்" என்றேன், பெரிய துப்பறியும் நிபுணன் மாதிரி.

"இந்தத் தொட்டியிலே தவிடும் பிண்ணாக்கும் தவிர ஒண்ணும் விழப்படாது. அதையும் தினம் நான்தான் நிறுத்துப் போடறேன். தயிர் சாதம் எப்படி வந்தது?"

தண்ணீர் கழுநீர் மாதிரி கலங்கியிருந்தது. விரல் நீள மீன் குஞ்சுகள் சில வயிற்றைக் காட்டி மிதந்தன. ராஜம் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லித் தேற்றத் தெரிந்திருக்கும். கூழைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தண்ணீர் டாங்கியின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு பிடி தயிர் சாதத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்காதீர்கள். அந்தப் பிடி சாதத்தில் அவளுடைய வேலையும், அவள் படித்த படிப்பும் மாட்டிக்கொண்டிருந்தன.

பெண் பார்க்கப் போன இடத்தில்

ராஜம் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தாள். நான் பெண் பார்க்கப் போனபோது தலையைக் குனிந்துகொண்டே அவள் கேட்ட ஒரே கேள்வி, "உங்காத்துலே மொட்டை மாடி உண்டா?" என்பதுதான்.

வடாம் பிழியக் கேட்கிறாள் என்று நினைத்துப் பெருமையோடு உண்டு என்றேன். அம்மாவுக்கும் ஏக திருப்தி. குடித்தனப் பாங்கான பெண் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி ஒரு மாதத்தில், வடாம் காய வேண்டிய இடத்தில் நாலு சிமெண்ட் தொட்டிகள் வந்து உட்கார்ந்தன.

எங்களுடையது பாலக்காட்டுச் சைவக் குடும்பம். மார்க்கெட்டில் மீன்காரிகள் உட்காரும் பக்கம் வந்துவிட்டால் அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்க நடைபாதைக்குத் தாவிவிடுவாள். ஊரில் கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுவது புண்ணியம் என்பதைத் தவிர, மீனைப் பற்றி எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

எனவே தொட்டியில் குஞ்சுகளை விட்ட அன்று நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். அம்மா படியேறி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுகள் என்ன திங்கும்?"

"தவிடும் கடலைப் பிண்ணாக்கும்மா. இது ரோகுன்னு கெண்டை வகை."

"புழு பூச்சி?"

"நான் கொடுக்கப் போறதில்லை."

"அப்போ நம்மளவாளாக்கும்! சுகமா இருக்கட்டும்" என்று அம்மா கீழே இறங்கிப் போனாள். அத்தோடு அனுமதி கிடைத்தது.

நாலு தொட்டி

ராஜத்தின் ஆராய்ச்சி எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும்.

மீனுக்கு நம்மைப்போல உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. தண்ணீருக்கு என்ன சூடோ அதுதான் அதற்கும். தண்ணீர் குளிர்ந்தால் பசி மந்தப்படும், வளர்த்தியும் மந்தப்படும். தண்ணீர் வெதுவெதுப்பானால் பசி ஏறும். ஆனால் பசி ஏறும்போது தீனி இல்லாவிட்டால்? சூடு நல்லதா, தீனி நல்லதா, இரண்டும் சேர்ந்து என்ன செய்கின்றன? இதைத்தான் அவள் நிறுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு தொட்டிகள் வெயிலில் இருந்தன. அவற்றைச் சுற்றிச் சாக்குக் கட்டி, உள்ளே கண்ணாடி ஜாடிக்குள் பல்பை எரியவிட்டுத் தண்ணீரைச் சூடாக வைத்திருந்தாள். மற்ற இரண்டும் டாங்கியின் நிழலில் குளிர்ந்து கிடந்தன. சூட்டுத் தொட்டிகளில் ஒன்றுக்கு முழுத் தீனி, ஒன்றுக்குப் பாதி. குளிர்த் தொட்டிகளிலும் அப்படியே. பாதித் தீனித் தொட்டிகளுக்கு எங்கள் வீட்டில் அரைவயிற்றுத் தொட்டி என்று பெயர் வந்துவிட்டது.

கோடை விடுமுறை முடிவதற்குள் எம்.எஸ்.ஸி. தீசிஸை முடித்தால் ராஜத்தின் தற்காலிக வேலை நிரந்தரமாகும். முடிக்காவிட்டால் ஜூனில் வேறு ஆள் வந்துவிடுவார். அவளுடைய ஆராய்ச்சியை மேற்பார்வையிட்ட பார்சி புரொபசர் மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு வருகிறவர் பூச்சிகளில் நிபுணர். மீன் என்றால் முகத்தைச் சுளிப்பவர். ஆகவே இந்தக் குளிர்காலத்தை விட்டால் பம்பாயில் குளிர்ந்த தண்ணீருக்கு அடுத்த டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் எல்லாம் கைவிட்டுப் போயிருக்கும்.

அந்தக் காலத்தில் கல்யாணமான பெண் வேலைக்குப் போவதே அதிசயம். வேலை போனால், "நல்லதாப் போச்சு, ஆத்தைப் பார்த்துக்கோ" என்று சொல்ல ஊர் முழுக்க ஆள் இருந்தது. அந்த வார்த்தையைக் கேட்க அவள் தயாராக இல்லை. அவள் கேட்பதைப் பார்க்க நானும் தயாராக இல்லை.

பந்தி வஞ்சனை

கையில் கூழோடு ராஜம் உட்கார்ந்திருக்க, படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா வந்தார்.

அப்பா ரயில்வே ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காக்காய்க்கு ஒரு கவளம் வைக்காமல் அவர் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. காக்காய், குருவி, பால்காரன், தபால்காரன் யார் வந்தாலும் "சாப்பிட்டாச்சோ?" என்பதுதான் அவருடைய முதல் விசாரணை. வாசலில் வந்த ஒரு பிச்சைக்காரரை உள்ளே உட்கார வைத்துப் பாயசம் வரை பரிமாறி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

ராஜத்தின் கையைப் பார்த்தார். கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்.

"நான்தான் போட்டேன்."

"அப்பா!" என்று நான் கத்திவிட்டேன்.

"என்னடா அப்பா? ரெண்டு தொட்டிக்கு நெறையப் போடறா, ரெண்டு தொட்டிக்குப் பாதி போடறா. ஒரே ஆத்துலே பந்தி வஞ்சனை பண்ணலாமோ? அதுவும் இவள் பரீட்சைக்குக் கொண்டு காட்டப்போற மீனாக்கும். வத்தலும் தொத்தலுமாக் கொண்டு காட்டினா எவன் பாஸ் போடுவான்?"

ராஜம் மெதுவாகக் கேட்டாள்: "ரெண்டு அரைவயித்துத் தொட்டிக்கும் போட்டேளா அப்பா?"

"ரெண்டுக்கும்தான், கொஞ்ச நாளாவே. சூட்டுலே இருக்கறதுகள் சமத்து. போட்டது தெரியாம தின்னுடும். நிழல்லே இருக்கறதுகள்தான் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒடம்பு சொகமில்லையோன்னு நெனச்சேன். அதான் ரெண்டு நாளாத் தயிர் விட்டுப் பிசைஞ்சு போட்டேன். வயத்துக்கு எதமா இருக்குமே."

எனக்குச் சிரிப்பு வந்தது. ராஜத்தின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள்.

"குளிர்லே அதுகளுக்குப் பசிக்காதுப்பா. போட்டா திங்காது, அடியிலே அழுகும். சூட்டுத் தொட்டியிலே எவ்வளவு போட்டாலும் திங்கும். அதனாலேதான் அங்கே எனக்கு ஒண்ணும் தெரியலை. இப்போ பாதித் தீனி தின்னதுகளும் முழுத் தீனி தின்னதுகளும் ஒரே மாதிரி இருக்கு. தை முடியப்போறது. இனிமே தண்ணி குளிராது. என் தீசிஸ் போச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் அப்பா பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவள் வகுப்பில் பாடம் சொல்வது மாதிரி அமைதியாகச் சொன்னாள். அப்பா தொட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பரீட்சையில் ஜெயிக்க வேண்டும் என்று ஊட்டிய சோறே அவளைத் தோற்கடித்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தபோது முகம் சுண்டிப்போயிற்று. அன்று முழுக்க அவர் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

தாராவியில் அப்பா

இங்கே காதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். எங்கள் ஆபீசுக்குப் பைகள் கொண்டுவந்து போட்டதில் பழக்கம். ஒரு மழைநாளில் ரயில் நின்றுபோய், தாதரிலிருந்து முழங்கால் தண்ணீரில் நானும் அவரும் ஒரே பிளாஸ்டிக் ஷீட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தோம். அதற்குப் பிறகு சிநேகம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தயிர் சாதம் நடந்த சில நாட்களில் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"கோடையிலே மண்பானைத் தண்ணி குளுகுளுன்னு இருக்கே. மீனை மண்தொட்டியிலே விட்டா என்ன?"

ராஜத்திடம் போய்ச் சொன்னேன். கரண்டியோடு நின்றவள் அப்படியே நின்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு அப்பாவிடம் ஓடினாள். வியர்க்கும் மண்தொட்டி, நிழல், மேலே ஈரச் சாக்கு, மாஹிம் பக்கத்துக் கடல்காற்று இவையெல்லாம் சேர்ந்தால் சில டிகிரி குறையும். அவளுக்கு அது போதும். "ஆனா நாலும் மண்தொட்டியா இருக்கணும். சூட்டுத் தொட்டி ரெண்டுக்கும் வெளியிலே தார் பூசினா வேர்க்காது" என்று அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

அவ்வளவு பெரிய தொட்டி கிடைக்கும் இடம் தாராவியில் குயவர்கள் குடியிருக்கும் கும்பார்வாடாதான். தோல் வாடைக்குப் பயந்து அதுவரை அந்தப் பக்கமே போகாத அப்பா, "நானும் வரேன்" என்று கிளம்பினார்.

காதர் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். குஜராத்திக் குயவரிடம், "பாயி, மச்லி கே வாஸ்தே படா வாலா தோ" என்று மீனுக்குப் பெரிய தொட்டியாகக் கேட்க, குயவர் மீனுக்கா என்று அப்பாவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பல நாட்களுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

தொட்டிகளைக் கைவண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றினோம். அப்பா வண்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தார்.

"பெரியவரே, நீங்க சும்மா அந்தால வாங்க. வெயில் என்னமா அடிக்கி! தொட்டி உருளாம நான் பாத்துக்கிடுதேன்" என்றார் காதர்.

"இல்லை காதர். இது என் பொறுப்பாக்கும்."

மாட்டுங்கா வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.

காக்காய்க் கூட்டம்

மார்ச்சில் புதிய குஞ்சுகள் வந்தன. பகலில் ராஜம் கல்லூரிக்கும் நான் ஆபீசுக்கும் போய்விடுவோம். தொட்டிகளுக்குக் காவல் வேண்டும். எங்கள் கட்டிடத்தில் துணி உலர்த்த வருகிற மாமிகள் எல்லோருக்கும் கோயில் குளத்துப் பழக்கம் இருந்தது. ஆளுக்கொரு பிடி பொரி போட்டால் கதை முடிந்தது.

"நான் காவல் இருக்கேன்" என்றார் அப்பா.

"நீங்களா? நன்னாருக்கு!" என்றாள் அம்மா.

"ஒரு பருக்கை விழாது. ராஜம் நம்பினாப் போதும்."

ராஜம் நம்பினாள். நான்தான் நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா குடையும் நாற்காலியுமாக மாடியில் குடியேறினார். சாப்பாட்டையும் தட்டில் போட்டு வாங்கிக்கொண்டு மேலேயே போய்விடுவார். தொட்டிகளைவிட்டு அசையக் கூடாதாம். மாமிகளை அவர் விரட்டிய விரட்டில் பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஏப்ரல் போய் மே வந்தது. வேர்வையில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. கல்லூரிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். ஒருநாள் நானும் லீவு. மத்தியானம் சமையலறையில் இருந்த ராஜம் திடீரென்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"மாடியிலே காக்காய் கத்தறது கேக்கறதா? ஒண்ணு ரெண்டு இல்லை. கூட்டமா."

சாதம் இருக்கும் இடத்தில்தான் காக்காய்க் கூட்டம் இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் அது உறைத்தது. அவள் முன்னாலும் நான் பின்னாலும் செருப்பில்லாமல் படியேறினோம். மறுபடியும் சாதம் என்றால் இந்தத் தடவை எதுவும் மிச்சமில்லை. புரொபசர் கிளம்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அப்பா தொட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் இருந்த சாதத்தின் நடுவே விரலால் ஒரு கோடு போட்டார். சரிபாதியா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு பாதியை அள்ளிக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தார். காக்காய்கள் பாய்ந்தன. மறுபாதியை மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

தொட்டித் தண்ணீர் பளிங்காக இருந்தது. ஒரு பருக்கை கிடையாது.

"அப்பா" என்றாள் ராஜம்.

திடுக்கிட்டுத் திரும்பினார். அப்போதுதான் அவரை நான் சரியாகப் பார்த்தேன். தோள்பட்டை எலும்பு பனியனுக்கு வெளியே தெரிந்தது. வேட்டியை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படிக் கவனிக்காமல் இருந்தோம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வெயில் மெலிவு என்று நினைத்திருப்போம்.

"எத்தனை நாளா இப்படி?" என்றாள் ராஜம்.

"தொட்டி வந்ததுலேர்ந்துதான்." தப்பு செய்த குழந்தை மாதிரி தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ அளந்து போடறதை நான் குத்தம் சொல்லலை. படிப்புக்கு அது வேணும்னு தெரிஞ்சுண்டேன். ஆனா நான் இங்கே வந்து உக்காந்தாப் போதும், அந்த ரெண்டு தொட்டியிலே இருக்கறதுகள் மேலே வந்து வாயைத் திறக்கறதுகள். அதுகள் கண் எதிரே வயறு முட்டச் சாப்பிட என்னாலே முடியலை. எறங்கமாட்டேங்கறது."

ராஜம் அவர் எதிரில் சுடுகிற தரையிலேயே உட்கார்ந்தாள். அன்று கூழோடு உட்கார்ந்தபோது வராத அழுகை இப்போது வந்தது.

"இன்னிக்கே நிறுத்திடறேன். வேலை போனாப் போறது. எல்லாத் தொட்டிக்கும் முழுசாப் போட்டுடறேன். நீங்கள் சாப்பிடுங்கோ."

அப்பாவுக்கு வந்ததே கோபம்! என் கல்யாணத்தில்கூட அவர் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

"பேசாம இரு! நிறுத்தறாளாம். இத்தனை நாள் அதுகள் கெடந்த பட்டினி, நான் கெடந்த பட்டினி, அத்தனையும் தண்டமாப் போகணுமா? ஒரு தடவை நான் கெடுத்தேன். ரெண்டாம் தடவை நீ கெடுக்காதே. இன்னும் எத்தனை நாள் வேணும்?"

"ஒரு வாரம்" என்றாள் ராஜம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஒரு வாரம்தானே. அதுகளும் இருக்கும். நானும் இருப்பேன். போய் வேலையைப் பாரு."

அப்பாவிடம் எனக்குப் பயம் உண்டு, மரியாதை உண்டு. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது அன்றுதான். எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லாததால் குடையை நகர்த்தி அவர் மேல் நிழல் விழும்படி வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

கடைசி நிறுவை

அந்த வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா மாவடுவைத் தட்டில் ஒளித்து வைத்துப் பார்த்தாள். அப்பா அதையும் பாதியாக நறுக்கிக் காக்காய்க்கு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நிறுத்தோம். நான் வலையில் பிடித்துக் கொடுக்க, ராஜம் ஈரத்துணியில் வைத்துத் தராசில் போட்டாள். அப்பா பக்கத்தில் நின்றார்.

சூட்டில் முழு வயிறு தின்றவை கொழுகொழுவென்று வலையை உதைத்தன. குளிர்ச்சியில் முழு வயிறு தின்றவை அவற்றுக்கு ஒரு படி கீழே இருந்தன. குளிர்ச்சியில் அரைவயிறாக இருந்தவைகூட ஏதோ கொஞ்சம் தேறியிருந்தன. சூட்டில் அரைவயிறாகக் கிடந்தவைதான் பார்க்கச் சகிக்கவில்லை. தலை மட்டும் பெரிதாக, உடம்பு வாடி, விட்டபோது இருந்த எடைகூட இல்லை.

"சூடு ஏறினா ஒடம்பு ஓடறதுக்கே நெறையத் தீனி வேணும்ப்பா. பாதி போட்டா அதுக்கே போறாது. வளர மிச்சம் ஏது?" என்றாள் ராஜம்.

"மே மாசத்து வெயில்லே அரைச் சாப்பாடுன்னா எப்படி இருக்கும்னு என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார் அப்பா.

புரொபசர் கிளம்புவதற்கு முன் தீசிஸ் அவர் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜூனில் வேலை நிரந்தரமாயிற்று. மற்ற மூன்று தொட்டியையும்விட, சூட்டில் அரைவயிறாகக் கிடந்த தொட்டியைப் பற்றித்தான் தேர்வாளர்கள் அதிகம் கேட்டார்களாம். ராஜம் பின்னால் பல வருஷம் அங்கேயே பாடம் சொன்னாள்.

ஆனால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நினைவில் நிற்கிறது. கடைசி மீனை நிறுத்து முடித்ததும் அப்பா கேட்டார்:

"எழுதியாச்சோ? இனிமே போட்டா கணக்குலே வராதே?"

"வராதுப்பா."

தவிட்டு டப்பாவை அவரிடமே கொடுத்தாள். அவர் இரண்டு அரைவயிற்றுத் தொட்டியிலும் கை நிறைய அள்ளிப் போட்டார். மீன்கள் பாய்ந்ததில் தண்ணீர் படபடவென்று கொதித்தது. அது அடங்கும்வரை நின்று பார்த்தார். பிறகுதான் கீழே இறங்கி வந்தார்.

அம்மா இலை போட்டிருந்தாள். பரிமாற ராஜம் வந்தாள். பருப்பு, நெய், சாம்பார், பொரியல் எல்லாம் இருந்தன. அப்பா நாலு கவளம் சாப்பிட்டார். வயிறு சுருங்கிப் போயிருந்ததோ என்னவோ, ஐந்தாவது உள்ளே போகவில்லை. ராஜம் மறுபடி சாதக் கரண்டியோடு குனிந்தபோது கையை இலைக்கு மேல் விரித்து மறைத்துக்கொண்டார்.

"போரும், ராஜம்."

மாதக்கணக்காகக் கடுகளவு தீனியையும் நிறுத்துப் போட்டவள், கரண்டி நிறையச் சாதத்தோடு அப்படியே நின்றாள்.

"போருமா போராதான்னு நான் சொல்றேன். கையை எடுங்கோ."

அப்பா கையை எடுத்தார்.